இல்லாத வாய்க்காலுக்கு நீர்முறை: அமைவுக் கோப்பின் குறுக்குச் சுட்டுகள் பிழைத்தால் எங்கே தேடுவது

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு விவசாயிகள் அமைப்புக்காக நானும் நண்பர் ஒருவரும் சிறிய மென்பொருள் ஒன்றைப் பராமரித்து வருகிறோம். நாளை எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை என்பதை இன்று மாலையே குறுஞ்செய்தியாக அனுப்புவது அதன் வேலை. முறைகள் எல்லாம் ஒரு யாமல் கோப்பில் இருக்கின்றன; தரவைப் பெயரும் பெறுமானமுமாக எழுதும் எளிய எழுத்து வடிவம் அது, ஜேசனும் அப்படியே. அந்தக் கோப்பை எழுதுபவர் அமைப்பின் செயலாளர். நிரல் எழுதுவது அவர் தொழில் அல்ல என்பதால் பண்புகளின் பெயர்களையும் தமிழிலேயே வைத்தோம். யாமல், ஜேசன் இரண்டுமே யூனிகோட் எழுத்துகளை ஏற்பவை. அதில் தடை இல்லை.

கோப்பின் ஒரு துண்டு இது. பெயர்களையும் எண்களையும் விளக்கத்துக்காக மாற்றியிருக்கிறேன்.

போகம்:
  பெயர்: சிறுபோகம்
  தொடக்கம்: 2025-04-10
  முடிவு: 2025-08-25
வாய்க்கால்கள்:
  - குறி: வா-01
    பெயர்: தலை வாய்க்கால்
    கொள்ளளவு: 40
  - குறி: வா-02
    தாய்: வா-01
    பெயர்: கொக்கட்டிச்சோலைக் கிளை
    கொள்ளளவு: 15
முறைகள்:
  - வாய்க்கால்: வா-02
    நாள்: 2025-05-03
    திறப்பு: 06:30
    மூடல்: 17:00

கொள்ளளவு கியூசெக்கில், அதாவது நொடிக்கு இத்தனை கன அடி. இந்தச் சின்னத் துண்டிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் நூல்கள் பல. ‘தாய்’ சொல்லும் குறி பட்டியலில் இருக்க வேண்டும். முறையின் ‘வாய்க்கால்’ அப்படியே. ‘நாள்’ போகத்துக்குள் விழ வேண்டும், மூடல் திறப்புக்குப் பிந்தியிருக்க வேண்டும். ஒரு பண்பின் பெறுமானம் சரியா என்பதை இன்னொரு பண்பைப் பார்த்தே சொல்ல முடியும் என்றால் அதைத்தான் இங்கே குறுக்குச் சுட்டு என்கிறேன். இவ்வகைப் பிழைகளில் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று: பிழைச்செய்தி நூலின் ஒரு முனையைக் காட்டும், முடிச்சு மறுமுனையில் கிடக்கும்.

அறிகுறி: ஸ்கீமா ‘சரி’ என்கிறது, ஓட்டினால் ‘இப்படி ஒரு வாய்க்கால் இல்லை’ என்று நின்றுவிடுகிறது

ஸ்கீமா என்பது கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்பு. அது பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஜேசன் ஸ்கீமா ஒவ்வொரு பெறுமானத்தையும் அது இருக்கும் இடத்திலேயே வைத்துப் பார்க்கிறது: இது எழுத்தா, எண்ணா, கட்டாயமா, இந்த வடிவத்தில் இருக்கிறதா. ‘இந்தப் பெறுமானம் அந்தப் பட்டியலில் உள்ள குறிகளுள் ஒன்றாக இருக்க வேண்டும்’ என்று எழுத 2020-12 பதிப்பிலும் வழி இல்லை. டாலர்-ரெஃப் என்ற சொல்லைப் பார்த்து அது இதற்குத்தான் என்று நினைப்பவர்கள் பலர். நானும் ஒரு முழு மாலையை அதில் தொலைத்தேன். அது ஸ்கீமாவின் ஒரு துண்டிலிருந்து ஸ்கீமாவின் இன்னொரு துண்டைச் சுட்டுவது. தரவைத் தொடுவதே இல்லை.

எக்ஸ்எம்எல் பக்கமிருந்து வருபவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 2001இல் வந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமாவிலேயே கீ, கீரெஃப் என்று இதற்கென இரண்டு கருவிகள் இருந்தன. ஏஜேவி என்ற சரிபார்ப்பான் டாலர்-டேட்டா என்ற வசதியைத் தருகிறது. பக்கத்துப் பண்பின் பெறுமானத்தோடு ஒப்பிட அது உதவும். ஆனால் அது ஏஜேவியின் சொந்தச் சேர்க்கை, தரத்தில் இல்லை. ஸ்கீமாவை வேறு சரிபார்ப்பானிடம் கொடுத்தால் அந்த விதி அங்கே இயங்கும் என்று நம்பக் கூடாது. கணினி உள்கட்டமைப்பை அமைவுக் கோப்புகளால் நிறுவும் டெரஃபார்மில்கூட ஒரு மாறியின் சரிபார்ப்பு விதி இன்னொரு மாறியைக் குறிப்பிட 2024இல் வந்த 1.9 பதிப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே நிரல் எழுதத்தான் வேண்டும். இரண்டு நடையாக எழுதுங்கள். முதல் நடையில் எல்லா வாய்க்கால்களின் குறிகளையும் ஒரு தொகுப்பில் சேருங்கள். ஒரே குறி இரண்டு முறை வந்தால் அங்கேயே பிழை சொல்லுங்கள். இரண்டாம் நடையில் ஒவ்வொரு சுட்டையும் அந்தத் தொகுப்பில் தேடுங்கள். ஒரே நடையில் முடிக்கப் பார்த்தால், கிளையை முதலிலும் தாயைப் பின்னாலும் எழுதியிருக்கும் கோப்பு காரணமில்லாமல் பிழைக்கும். கோப்பில் எது முதலில் வருகிறது என்பது எழுதுபவரின் வசதி, அதில் நாம் கை வைக்கக் கூடாது.

செய்தியில் இரண்டு முனைகளும் இருக்கட்டும். எங்கள் செய்தி இப்போது இப்படி: ‘4ஆவது முறை: வாய்க்கால் வா-20 என்று இருக்கிறது. வாய்க்கால் பட்டியலில் அந்தக் குறி இல்லை. நெருங்கியது: வா-02.’ நெருங்கியதைக் கண்டுபிடிக்கப் பைதனோடு வரும் டிஃப்லிப் தொகுதி போதும். ‘4ஆவது’ என்பதைக் கவனியுங்கள். கணினிக்கு அது 3. பூச்சியத்திலிருந்து எண்ணும் பழக்கம் நமக்கு இருக்கிறது, செயலாளருக்கு இல்லை. முதல் பருவத்தில் அவர் ஒவ்வொரு தடவையும் தவறான முறைக்கு முந்திய முறையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அதே செய்தியில் இன்னொன்றும் இருந்தது. பிழை இருக்கும் இடத்தை ‘பாதை: முறைகள்/3/வாய்க்கால்’ என்று அச்சிட்டிருந்தோம். செயலாளர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, வாய்க்கால் கணக்குக்குள் பாதை எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்குத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். அந்தச் சொல்லை ‘இடம்’ என்று மாற்றினோம்.

அறிகுறி: கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு

தொடக்கத்தில் எங்களிடம் குறி என்ற பண்பே இல்லை. முறைகள் வாய்க்காலின் பெயரையே சுட்டின. அப்போது ஒரு நாள் வந்த செய்தி: ‘கொக்கட்டிச்சோலைக் கிளை என்ற வாய்க்கால் இல்லை. நெருங்கியது: கொக்கட்டிச்சோலைக் கிளை.’ நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அன்று மாலை ஐந்தரைக்குச் செய்தி போக வேண்டியிருந்தது.

இரண்டு பெயர்களின் நீளத்தையும் எண்ணிப் பார்த்தோம். ‘கொக்கட்டிச்சோலை’ என்ற பகுதி ஒன்றில் 15 குறியெண்கள் (யூனிகோட் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் தரும் எண்), மற்றதில் 17. ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியெண்ணாக எழுதினால் 3018. ஒற்றைக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து எழுதினால் 3014, 3006. திரையில் இரண்டும் ‘கொ’ என்றே விழும். ஓகாரத்துக்கும் இதே கதை. இந்த ஊரின் பெயரில் இரண்டும் உள்ளன, ஆகவே ஒரே பெயரை நான்கு விதமாக எழுதிவிட முடியும். ஊர்ப் பெயரில் இத்தனை வசதி வேறு யாருக்குக் கிடைக்கும்.

பழைய வாய்க்கால் பட்டியல் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அதை யாரோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கியிருந்தார்கள். அந்த மாற்றி கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டிருந்தது. முறைகளைச் செயலாளர் கைபேசியில் தட்டியிருந்தார். கைபேசி ஒரே குறியெண்ணாக எழுதியது. இருவரும் பிழை செய்யவில்லை.

தீர்வு எளிது. கோப்பைப் படித்த உடனே, ஒப்பிடுவதற்கு முன்பு, எல்லா எழுத்துச் சரங்களையும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைதனில் யூனிகோட்டேட்டா தொகுதியில் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துச் சரத்திலேயே இருக்கிறது. பட்டியலுக்கு மட்டும் செய்துவிட்டுச் சுட்டுக்கு விட்டால் பிழை பக்கம் மாறுமே தவிரப் போகாது.

ஆனால் இயல்பாக்கம் எல்லாவற்றையும் தீர்க்காது. ‘ஔ’ என்ற ஒரெழுத்தும் ‘ஒள’ என்று ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து எழுதியதும் யூனிகோடுக்கு இரண்டு வேறு சொற்கள். என்எஃப்சி அவற்றைத் தொடாது. எருவில் என்ற ஊரின் முதலெழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழைப் போட்டு ‘௭ருவில்’ என்று எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். முன்னது 2958, பின்னது 3053. இவற்றைத் தவிர, அகலமில்லாத இணைப்பு எழுத்துகள், சொல் முடிவில் ஒட்டியிருக்கும் வெற்றிடம், சொற்செயலி தானாக நீட்டிவிட்ட கோடு. வா-02இல் இருக்கும் கோடு 45ஆக இருக்க வேண்டும்; சொற்செயலியிலிருந்து ஒட்டினால் அது 8211ஆக வந்து நிற்கும். ஐயம் வந்தால் கண்ணை நம்பாமல் ஒவ்வொரு எழுத்தின் குறியெண்ணையும் அச்சிட்டுப் பாருங்கள். இரண்டு வரி நிரல்.

அதன் பிறகுதான் குறி என்ற பண்பைச் சேர்த்தோம். ‘வா’ என்று தொடங்கியதற்கும் காரணம் உண்டு: அதில் இரண்டாகப் பிரியும் குறி எதுவும் இல்லை. பெயர் இப்போது காட்டுவதற்கு மட்டும், சுட்டுவதற்கு அல்ல.

அறிகுறி: காலையில் திறந்து பகலில் மூடும் முறைகள் மட்டும் விழுகின்றன

இது விசித்திரமாகத் தோன்றும். 06:00 முதல் 09:00 வரை உள்ள முறை தேறுகிறது. 14:00 முதல் 18:00 வரை உள்ளதும் தேறுகிறது. 06:30 முதல் 17:00 வரை என்றால், எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாது என்று பைதன் முறையிடுகிறது.

யாமல் 1.1 பதிப்பில் அறுபதின் அடிமான எண்கள் உண்டு. மேற்கோள் குறி இல்லாமல் 17:00 என்று எழுதினால் அது 17ஐ 60ஆல் பெருக்கி 1020 என்ற முழு எண்ணாகிவிடுகிறது. பூச்சியத்தில் தொடங்கும் 06:30க்கு அந்த விதி பொருந்தாது. அது எழுத்தாகவே நிற்கிறது. 6:30 என்று எழுதினால் 390. 2009இல் வந்த யாமல் 1.2 இந்தப் பழக்கத்தைக் கைவிட்டது, ஆனால் யாமலைப் படிக்கப் பைதன்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் பையாமல் இன்னும் 1.1 வழியில்தான் நடக்கிறது. நேரங்களை மேற்கோள் குறிக்குள் இடுங்கள், ஸ்கீமாவில் அவற்றை எழுத்துச் சரம் என்று அறிவியுங்கள். அப்போது மேற்கோள் மறந்து எண்ணாகிவிட்ட இடத்தை ஸ்கீமாவே பிடித்துவிடும். மேலே கொடுத்த துண்டில் வேண்டுமென்றேதான் மேற்கோள் இடாமல் விட்டேன்.

அறிகுறி: பெரும்போகம் தொடங்கியதும் எல்லா நாளும் ‘போகத்துக்கு வெளியே’

சிறுபோகம் ஒரே ஆண்டுக்குள் தொடங்கி முடிந்துவிடும். பெரும்போகம் ஒக்டோபர் அளவில் தொடங்கி மறு ஆண்டு மார்ச் அளவில் முடியும். மாதத்தை மட்டும் வைத்து ‘தொடக்கம் முடிவைவிடச் சிறியது’ என்று எழுதியிருந்தால் 10 எப்படி 3ஐவிடச் சிறியதாகும்? நாங்கள் செய்த தவறு அதுதான். மாரியில் மழையே பெரும்பாலான வேலையைப் பார்த்துக்கொள்வதால் முறைகள் பின்பகுதியில்தான் வரும். அதனால் சனவரிவரை பிழை வெளியே தெரியவில்லை. ஆண்டோடு சேர்ந்த முழுத் திகதியை எழுதச் சொல்லுங்கள். திகதிகளை எழுத்துச் சரமாக ஒப்பிடுகிறீர்கள் என்றால் 2025-9-5 என்பது 2025-10-01க்குப் பிந்தியதாகக் கருதப்படும். திகதியாக மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். 2020-12 ஸ்கீமாவில் ‘ஃபோர்மட்: டேட்’ என்று எழுதினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், அது இயல்பாக ஒரு குறிப்பு மட்டுமே, சரிபார்ப்பானில் தனியாகச் செயற்படுத்தினால்தான் பிழை சொல்லும்.

தரவைச் சரிபார்க்கும் பைதன் தொகுதியான பைடான்டிக்கின் முதலாம் பதிப்பில் ‘முடிவு’க்கான விதிக்குள் ‘தொடக்கம்’ கிடைக்கவில்லை என்றால் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வகுப்பில் ‘முடிவு’ முதலில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. மற்றது, ‘தொடக்கம்’ தன் சொந்தச் சோதனையிலேயே தோற்று வெளியேறிவிட்டது. இரண்டாம் பதிப்பில் முழுப் பொருளும் உருவான பிறகு ஓடும் மாதிரிச் சரிபார்ப்பானை (மாடல் வாலிடேட்டர்) பயன்படுத்துங்கள், இந்தத் தலைவலி போய்விடும்.

அறிகுறி: ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் சம்பந்தமில்லாத வாய்க்கால்கள் எல்லாம் பிழைக்கின்றன

கடைமடைப் பகுதியில் சில கிளைகளுக்கு நீர்ப்பம்பியால்தான் தண்ணீர் ஏற்ற வேண்டும். ‘நீரூட்டல்: பம்பி’ என்றால் ‘எரிபொருள்’ கட்டாயம் என்று ஸ்கீமாவில் இஃப்–தென் விதி ஒன்றை எழுதினோம். மறு நிமிடம், நீரூட்டல் என்ற பண்பே இல்லாத தலை வாய்க்காலிடமும் எரிபொருள் கேட்கப்பட்டது. ‘இப்பண்பின் பெறுமானம் பம்பி’ என்ற சோதனை, பண்பு இல்லாத இடத்தில் தோற்பதில்லை. கேள்வி எழாததால் தேறிவிடுகிறது. இஃப் பகுதிக்குள்ளேயே அந்தப் பண்பு இருப்பது கட்டாயம் என்றும் எழுத வேண்டும். ஒரு வரி வேலை.

அறிகுறி: பிழையும் இல்லை, முடிவும் இல்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது

எல்லாச் சுட்டுகளும் பட்டியலில் இருக்கின்றன, ஆனாலும் நிரல் திரும்பி வரவில்லை என்றால் வட்டத்தைத் தேடுங்கள். வா-05இன் தாய் வா-07, வா-07இன் தாய் வா-05. தனித்தனியே பார்த்தால் இரண்டும் உண்மையான வாய்க்கால்கள். தலையைத் தேடி மேலேறும் நிரலோ செக்கு மாடாகச் சுற்றுகிறது. தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறாக எழுதியிருந்தால் பைதன் சுமார் 1000 படியில் கையை விரித்துவிடும். சாதாரண வளையமாக எழுதியிருந்தால் அந்த உபகாரமும் இல்லை.

மேலேறும்போது கடந்த குறிகளைக் குறித்துக்கொள்ளுங்கள், கண்டதையே மீண்டும் கண்டால் நில்லுங்கள். பைதன் 3.9 முதல் கிராஃப்லிப் என்ற தொகுதி உடன் வருகிறது. அது வட்டத்தில் சிக்கிய குறிகளையும் பட்டியலிட்டுத் தரும். செய்தியில் முழு வட்டத்தையும் அச்சிடுங்கள்: வா-05, வா-07, வா-05. எது தவறான திருப்பம் என்பதை வயலில் நடந்தவரால்தான் சொல்ல முடியும். தாய் இல்லாத வாய்க்கால் ஒன்றுக்கு மேல் இருந்தால் அதைப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு குளத்துக்கு இடதுகரையில் ஒரு மடை, வலதுகரையில் ஒரு மடை இருப்பது வழக்கம்தான்.

அறிகுறி: சரிபார்ப்பு முழுத் தேர்ச்சி, ஆனால் ஏப்ரல் மாத முறைகளைக் காணவில்லை

இது எனக்கு மிகவும் எரிச்சல் தந்தது. செயலாளர் மே மாத முறைகளைக் கோப்பின் அடியில் சேர்த்தார். நல்ல ஒழுங்கோடு அதற்கு மேலே ‘முறைகள்:’ என்று ஒரு தலைப்பும் இட்டார். இப்போது கோப்பில் ‘முறைகள்’ இரண்டு. யாமல் விதிப்படி ஒரே பெயர் இரண்டு முறை வரக் கூடாது. பையாமல் ஒன்றும் சொல்லாமல் கடைசியை வைத்துக்கொண்டு முந்தியதை வீசிவிடுகிறது. ஜேசனிலும் பெயர்கள் தனித்திருக்க வேண்டும் என்று அதன் தர ஆவணமான 2017இன் ஆர்எஃப்சி 8259 அறிவுறுத்துகிறது, ஆனால் பெரும்பாலான படிப்பான்கள் கடைசியையே எடுக்கின்றன. நம் விதிகள் ஓடத் தொடங்கும்போது ஏப்ரல் ஏற்கெனவே போய்விட்டது. இல்லாத தரவில் பிழை காண எந்தச் சரிபார்ப்பானாலும் ஆகாது.

யாமல் கோப்புகளைச் சோதிக்கும் யாமல்லின்ட்டை முதலில் ஓட்டுங்கள். இரட்டைப் பெயரைப் பிடிக்கும் விதி அதில் இருக்கிறது. அல்லது ருவாமல் படிப்பானுக்கு மாறுங்கள், அது இரட்டைப் பெயரைக் கண்டதும் மறுத்துவிடும்.

இதன் சகோதரன் ஒன்று உண்டு: ‘என் கணினியில் சரி, சேவையகத்தில் பிழை’. அங்கே அடிப்படைக் கோப்பும் போகக் கோப்பும் ஒன்றாக இணைக்கப்படும். இணைப்பான்கள் பெரும்பாலும் பட்டியல்களைச் சேர்ப்பதில்லை, ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்கின்றன. அடிப்படையில் இருந்த வாய்க்கால்கள் போய்விட, சுட்டுகள் அந்தரத்தில் தொங்குகின்றன. இணைத்த பிறகு கிடைக்கும் முடிவைச் சரிபாருங்கள், தனித்தனிக் கோப்புகளை அல்ல. ஸ்கீமாவில் எழுதிய இயல்புப் பெறுமானங்களையும் நம்ப வேண்டாம். தரப்படி அவை வெறும் குறிப்பு, சரிபார்ப்பான் அவற்றை நிரப்பித் தர வேண்டியதில்லை.

அறிகுறி: விதி பிழை என்கிறது, வட்டவிதானை சரி என்கிறார்

நண்பருக்கு ஒரு நாள் ஆர்வம் மிகுந்துவிட்டது. கிளைகளின் கொள்ளளவைக் கூட்டினால் தாயின் கொள்ளளவைத் தாண்டக் கூடாது என்று விதி எழுதினார். பார்த்தால் நியாயம்போலத்தான் இருந்தது. தலை வாய்க்கால் 40, கிளைகள் 15, 15, 20. கூட்டினால் 50. பிழை. வாய்க்கால்களில் நீர் பங்கிடும் பொறுப்பாளரான வட்டவிதானையிடம் கேட்டோம். “மகன், எல்லாக் கிளையையும் ஒரே நேரத்தில் திறப்பதென்றால் முறை எதற்கு?” என்றார்.

விதியைக் கழற்றிவிட்டு வேறு எழுதினோம்: ஒரே நாளில், ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கிளைகளின் கூட்டுத்தான் தாயின் கொள்ளளவுக்குள் இருக்க வேண்டும். இதற்கு வாய்க்கால்கள், முறைகள் என்ற இரண்டு பட்டியல்களும் வேண்டும், அவற்றின் சுட்டுகள் எல்லாம் தேறியிருக்கவும் வேண்டும். அதனால் இந்த விதி கடைசியில் ஓடுகிறது. முந்திய நடைகளில் ஒரு பிழை இருந்தாலும் ஓடுவதில்லை. இல்லாவிட்டால் ஒரு தவறான குறியிலிருந்து நாற்பது பிழைகள் பிறக்கும்.

நேரம் மோதுகிறதா என்று பார்க்கும்போது, 12:00 மணிக்கு மூடும் கிளையையும் 12:00 மணிக்குத் திறக்கும் கிளையையும் மோதல் என்று எண்ணாதீர்கள். ஒன்றின் திறப்பு மற்றதன் மூடலுக்கு முந்தியதா என்று கேளுங்கள், ‘முந்தியதா அல்லது சமமா’ என்று அல்ல. உண்மையில் அந்த 12:00 மணிக்கு ஒரு மடையைப் பூட்டிவிட்டு, அடுத்த மடைக்கு வட்டவிதானை சைக்கிளில் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகிறது. அந்த அரை மணி நேரத்துக்குக் கோப்பில் பண்பு இல்லை. சேர்க்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.